விரதத்தில் விட்ட குளிசைகள்

“…எண்டு கேட்டா, இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் பேசாம இரு, பிள்ளை. உதுக்குள்ள விரதத்தை இழுக்காத. இவைக்கு விரதம் எண்டா என்னெண்டு தெரியுமே? ரெண்டு குழந்தையளை வைச்சுக்கொண்டு ஆறு நாள் சாப்பிடாமக் கிடந்தவள் எண்டு எழுதிப்போடுவா. பிறகு வந்து பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்.”

அன்ரி இவ்வளவையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். எதிரில் இருந்த டொக்டர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. முகத்தைப் பார்த்து எதையாவது பிடித்துவிடுவார் என்பதற்காக அந்தச் சிரிப்பு. டொக்டர் கேட்டது ஒரு சின்னக் கேள்வி: பிள்ளை தங்காமல் இருக்க விழுங்கும் குளிசையை எடுக்காமல் விட்ட நாள் ஏதும் உண்டா? பேனாவைப் பிடித்தபடி என் பதிலுக்குக் காத்திருந்தார்.

அன்ரி எனக்குச் சொந்தமில்லை. கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருந்த கட்டடத்தில் அவர் ஏழாம் மாடி, நான் பதினோராம் மாடி. யாழ்ப்பாணத்துக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். எங்கள் கட்டடத்தில் யாருக்கு டொக்டர், பள்ளிக்கூடம், இமிகிரேஷன் கடிதம் என்றாலும் அவர்தான் கூடப் போய் இங்கிலீஷில் கதைப்பார். அவருடைய கதை கேட்பதற்காகவே நான் உடுப்புத் தோய்க்கிற நாளை அவருடைய நாளோடு சேர்த்து வைத்திருந்தேன். உடுப்பு உலர்த்தும் மெஷினைக் காட்டி, “உது என்னைப் போல. சூடாகும், சத்தம் போடும், சுத்திச் சுத்தி ஒரே இடத்திலதான் நிக்கும்” என்பார். அன்றைக்கெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சிரிப்பேன்.

ஆனால் அந்த அறையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரிசோதனைக் கட்டிலில் விரித்திருந்த கடதாசி என் கீழே சரசரத்தது.

என் பயம் இளைய மகளோடு பிறந்தது. அவள் பிறந்த பிறகு எனக்கு இரத்தம் நிற்கவில்லை. தாதிமார் ஓடி வந்ததும், மேலே விளக்குகள் தூரப் போனதும், யாரோ என் கன்னத்தில் தட்டித் தட்டி என் பெயரைத் தப்புத் தப்பாகக் கூப்பிட்டதும் நினைவிருக்கிறது. வேறு யாருடையதோ இரத்தத்தை ஏற்றித்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னொன்று தங்கினால் தாய்க்கு ஆபத்து என்று என் கணவரைக் கூப்பிட்டுச் சொல்லியும் விட்டார்கள். அன்றிலிருந்து குளிசை. இருபத்தொரு நாள் விழுங்குவது, ஏழு நாள் விடுவது, பிறகு புதுப் பெட்டி.

அந்த வருசம் கந்தசஷ்டிக்கு அன்ரி வீட்டில் ஐந்து பெண்கள் சேர்ந்து விரதம் பிடித்தோம். பகலில் தண்ணீர். பின்னேரம் பூசை முடிய ஒரு தம்ளர் பால். வேறொன்றும் வாயில் படக்கூடாது என்பது அன்ரியின் சட்டம். முழுகி மாதத் துடக்குக் கழிந்த கையோடு விரதம் வந்தது. நான் புதுப் பெட்டி தொடங்க வேண்டிய நாளும் அதுதான். குளிசைக்கு மேலே இனிப்புப் பூசியிருக்கும். நாக்கில் தித்திக்கிற ஒன்றை விரதத்தில் எப்படி விழுங்குவது? இவரும் ஆறு நாளும் ஹோலில் பாய் போட்டுத்தான் படுத்தார். பிறகு எதற்குக் குளிசை என்று, பெட்டியைச் சாமித் தட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஏழாம் நாள் பாறணைச் சோறு சாப்பிட்டு விரதம் முடித்த கையோடு முதல் குளிசையை விழுங்கினேன். எல்லாம் சரியாகச் செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

பெட்டி முடிந்தது. மூன்றாம் நாள் வர வேண்டியது வரவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. எட்டாம் நாள் சோறு வடிக்கும்போது அந்த ஆவி மணம் பிரட்டியது. அடுப்பை நிறுத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். மூத்தவள் வந்து, “அம்மா, why are you sitting there?” என்றாள். அவளுக்கு நாலு வயது. இளையவளுக்கு ஒன்று கூட நிரம்பவில்லை. நான் இல்லாவிட்டால் இதுகளுக்குத் தலை வாரி இழுக்க யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இவருக்குத் தூரத்தில், ஒஷாவாவில் வேலை. விடியப் போனால் இருட்டித்தான் வருவார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

குளிசையால் தலையிடிக்கிறது, வேறு வழி கேட்கப் போகிறேன் என்று முன்னமே டொக்டரிடம் நாள் எடுத்திருந்தேன். தமிழ் டொக்டரிடம் போனால் காத்திருக்கும் கதிரைகளில் அரைவாசிப் பேர் தெரிந்தவர்கள். அதனால்தான் இரண்டு பஸ் மாறி மோர்னிங்சைட் பக்கம் இந்த அம்மாவிடம் வந்தேன். ஆனால் அரைகுறை இங்கிலீஷுக்குத் துணையாக அன்ரியைக் கூட்டி வந்ததில் அந்தக் கெட்டித்தனம் முடிந்துபோனது.

டொக்டர் பொறுமைசாலி. ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்து, தொட்டுப் பார்க்கவும் சொன்னார்.

“இது லூப். உள்ளுக்கு வைச்சா வருசக்கணக்கில பேசாமக் கிடக்குமாம்” என்றார் அன்ரி.

“அது நெஞ்சுக்கு ஏறுமாமே, அன்ரி?”

“ஆர் சொன்னது? அவளை இஞ்ச கூட்டிக்கொண்டு வா, டொக்டர் விளக்கமாச் சொல்லுவா.” பிறகு ஊசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நாள்தோறும் நினைவு வைக்கத் தேவையில்லை. டொக்டர் இன்னொன்றும் சொன்னபோது அன்ரி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். “உன்ர அவருக்கும் ஒரு சின்ன ஒப்பரேஷன் செய்யலாமாம். உதை நான் சொல்லேல்லை, நீ கேக்கேல்லை.”

ஊசி போதும் என்றேன். அப்போதுதான் டொக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். “அன்ரி, விரதத்தில ஆறு குளிசை விட்டனான். சொல்லுங்கோ” என்றேன். அதற்குத்தான் அவர் சிரித்த முகத்தோடு, விரதத்தை இழுக்காதே என்று சொன்னது.

சொல்லிவிட்டு டொக்டரைப் பார்த்து, “நோ” என்றார்.

டொக்டர் அதை எழுதினார். அரசாங்க ஆட்கள் வந்து பிள்ளைகளைக் கொண்டு போவார்கள் என்ற கதையை நானும் கேட்டிருந்தேன். எங்கள் கட்டடத்தில் அதைக் கேளாதவர் இல்லை. மூத்தவளை யாரோ கையில் பிடித்து எலிவேட்டருக்குள் கூட்டிப் போவது கண்ணில் தெரிந்தது. அடுத்த கணம் அந்த விளக்குகள் தூரப் போவது தெரிந்தது. இரண்டு பயத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. டொக்டர் எழுந்து ஊசி இருந்த தட்டத்துப் பக்கம் போனார். உள்ளே ஒன்று இருக்க மேலே ஊசி ஏறினால் என்ன ஆகும்?

“ஸ்ரொப்” என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. விரல்களைக் காட்டினேன். “சிக்ஸ் டே. நோ ஈட். நோ பில்.” வயிற்றில் கையை வைத்தேன். “ஐ ஸ்கெயர்ட்.”

டொக்டர் திரும்பி அன்ரியைப் பார்த்தார். அன்ரி என்னைப் பார்த்தார். காலையில் அவர் நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. பிறகு, கச்சேரியில் மேலதிகாரி முன்னால் நிற்பது போல எழுந்து நின்று சொல்லத் தொடங்கினார். முழுதும் எனக்கு விளங்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு, தான்தான் சட்டம் போட்டது என்றது விளங்கியது. பிள்ளைகள் மூன்று நேரமும் சாப்பிட்டார்கள் என்று இரண்டு தரம் சொன்னதும் விளங்கியது.

டொக்டர் ஏதோ எழுதினார். நான் அந்தப் பேனாவையே பார்த்தேன். கச்சேரிக் கிளாக்கருக்கு எதிர்ப்பக்கக் கடதாசியைத் தலைகீழாக வாசிப்பது பழக்கம்.

“ஆறு குளிசை விடுபட்டது எண்டு மட்டும்தான் எழுதியிருக்கிறா” என்று அன்ரி மெல்லச் சொன்னார்.

பிறகு ஒரு சின்னக் கோப்பையைத் தந்து கழிவறைக்கு அனுப்பினார்கள். தாதி வந்து, பிள்ளை தங்கவில்லை என்று தலையாட்டினாள். ஆனாலும் நிச்சயத்துக்கு இரண்டு கிழமையில் திரும்ப வரவேண்டும், அதுவரை ஊசி இல்லை, இவர் ஆணுறை போடவேண்டும், சாப்பிடாத நாளிலும் குளிசையை விழுங்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர். இரண்டாம் முறையும் இல்லை என்றே வந்தது, ஊசியும் போட்டேன். ஆனால் அந்த இரண்டு கிழமையும் நான் நித்திரை கொண்டதாக நினைவில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அன்ரி கண்ணாடிக்கு வெளியே பனிச்சேற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். விரல் மட்டும் மடியில் எதையோ எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. எலிவேட்டரில் நான் பதினொன்றை அமத்தினேன். அவர் ஏழை விட்டு நாலை அமத்தினார்.

“நாலில ஆர், அன்ரி?” எங்களோடு விரதம் பிடித்த ஐந்து பேரில் வயது குறைந்தவள் அங்கே இருந்தாள். போன வருசம்தான் கலியாணம் முடித்தவள்.

“அவளும் விரதத்தில குளிசை விட்டவளோ எண்டு கேக்கவேணும். உன்ர கதை வராது. பயப்பிடாத.”

கதவு திறந்தது. மூடாமல் இருக்க நான் கையை வைத்துக்கொண்டேன். அன்ரி அந்த வீட்டு வாசலில் ஈரச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். நெற்றியில் மிஞ்சியிருந்த திருநீற்றைத் தலைப்பால் ஒற்றிவிட்டு, கதவைத் தட்டினார்.