கிரும்லோவில் கழற்றிவிட்ட காலணி

காலை 5.40, மயிலாப்பூர்.

"இன்னா சார், ஊட்டையே காலி பண்ணிக்கினு போறியா?" எங்கள் நான்கு பெட்டிகளைப் பார்த்த டாக்ஸிக்காரர் கேட்டார்.

"ஒம்பது நாள் டூர்ப்பா. பிராக்ல ஆரம்பிச்சு சால்ஸ்பர்க்ல முடியும்" என்றேன், அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் எனக்கு நிலபுலன் இருப்பதுபோல. அவருக்கு இரண்டு ஊரும் தெரியவில்லை. இரண்டு மாதம் முன்பு வரை எனக்கும் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.

மூன்றரைப் பெட்டி என் மனைவி வசந்தாவின் முன்னெச்சரிக்கை. மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல், வயிறு போனால் ஒரு மாத்திரை, போகாவிட்டால் இன்னொன்று. என் பங்குக்கு நான் வாங்கியது ஒரு ஜோடி நடைக் காலணி. தி.நகரில் 3,999 ரூபாய். போட்டுக்கொண்டு ஹாலில் நடந்து காட்டி, "குதிரை மாதிரி இருக்கு இல்ல?" என்றேன். "அதை நான் சொன்னா சண்டைக்கு வருவேள்" என்றாள் வசந்தா. இந்தக் கட்டுரையின் வில்லன் அந்தக் காலணிதான். இல்லை, காலணி பாவம். வில்லன் அதற்குள் இருந்தவன்.

காலை 7.15, விமான நிலையம். நாங்கள் மொத்தம் முப்பத்திரண்டு பேர், ஆளுக்கு 2,85,000 ரூபாய். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றையும் கலந்து குலுக்கினால் கிடைக்கும் கூட்டம். டூர் மேனேஜர் பிரபாகர், நாற்பத்தைந்து வயது, கையில் மஞ்சள் குடை. அது விரிந்தால் கூடவேண்டும், மடங்கினால் கிளம்பவேண்டும்.

பாதுகாப்புச் சோதனையில் வரிசை நின்றுபோனது. எனக்கு முன்னால் இருந்தவரின் கைப்பையிலிருந்து பிரஷர் குக்கர் ஒன்று வெளியே வந்தது.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

"குக்கரு. அஞ்சு லிட்டரு. அடி நல்ல கனம், இருவது வருசம் பாக்க வேண்டாம்" என்றார் அவர். அதிகாரி மூடியைத் திறந்தார். உள்ளே நாலு பொட்டலம் பருப்புப்பொடி, தனியாகக் காகிதத்தில் சுற்றிய வெயிட். மூடியின் மேல், பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்களே அதுபோலப் புள்ளி புள்ளியாக 'செந்தில்' என்று பொறித்திருந்தது. அதிகாரி தடவிப் பார்த்துவிட்டு, விலை என்ன என்று மெதுவாக விசாரித்து, அனுப்பிவைத்தார்.

அவர்தான் ரத்தினம் அண்ணாச்சி. பூர்வீகம் தென்காசிப் பக்கம், முப்பது வருடமாக தி.நகரில் பாத்திரக்கடை. தனியாக வந்திருந்தார். "ஐரோப்பாவுல ஒரு கிளை திறக்கறேளா?" என்று கேட்டுவைத்தேன். சிரித்தார். வெயிட்டை மறுபடி காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்தார்.

பதில் நான்காம் நாள் கிடைத்தது. பிராகிலிருந்து செஸ்கி கிரும்லோவ் 170 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். இரண்டு பக்கமும் கடுகு வயல், மஞ்சள் என்றால் கண் கூசும் மஞ்சள். எல்லாரும் ஜன்னல் பக்கம் பாய்ந்தபோது அண்ணாச்சி மட்டும் மடியில் குக்கரை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செந்தில் அவருடைய ஒரே மகன். எஞ்சினீயரிங் படித்துவிட்டு, கல்லாவில் உட்காரமாட்டேன் என்றிருக்கிறான். இவர் ஒரு வார்த்தை, அவன் ஒரு வார்த்தை. "போனா இந்தக் கடைப்படி மிதிக்காதேன்னு சொல்லிப்போட்டேன் சார்வாள். சொன்னபடி கேக்காத பய, அதை மட்டும் கேட்டுட்டான்." ஐந்து வருடமாகப் பார்க்கவுமில்லை, பேசவுமில்லை. இப்போது ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரில் எந்திர பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அம்மாவோடு மட்டும் ஞாயிறுதோறும் பேசுவான். இந்த டூர் லின்ஸ் வழியாகப் போகிறது என்று கண்டுபிடித்துப் பணம் கட்டியது அந்த அம்மாதான். மகனுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட். மறுநாள் பதினொன்றரைக்கு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பஸ் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு நிற்கும். அங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

"அதுக்கு எதுக்கு அண்ணாச்சி குக்கர்? அந்த ஊர்ல கிடைக்காதா?"

"கிடைக்கும். ஆனா அவனைப் பாத்ததும் என்ன பேசணும்னு எனக்குத் தெரியல. கையில ஒரு பொருள் இருந்தா பேச்சு தானா வந்துரும். வியாபாரிக்கு வேற என்ன தெரியும்?"

இவ்வளவும் கேட்டுக்கொண்ட பிறகுதான் மறுநாள் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஐந்தாம் நாள், காலை 9.10. செஸ்கி கிரும்லோவைப் படத்தில் பார்த்தவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நினைப்பீர்கள். குறைத்துத்தான் சொல்கிறார்கள். ஆறு ஊரைச் சுற்றி வளைந்து, போக மனமில்லாமல் மறுபடி வளைந்து போகிறது. சிவப்பு ஓட்டுக் கூரைகள், பாறைமேல் கோட்டை, வண்ணம் பூசிய கோபுரம். பஸ் ஊருக்கு வெளியே, பத்து நிமிட நடை. பத்து மணிக்குப் புறப்பாடு.

சந்து முனையில் ஒரு தேவாலயம். வாசலில் நாலு படி. படியைப் பார்த்ததும் என் கால் என்னைக் கேட்காமல் காலணியைக் கழற்றியது. அறுபத்தாறு வருடப் பழக்கம். கபாலி கோயில் வாசல் என்று நினைத்துவிட்டது. டோக்கன் தர ஆளில்லையே என்று ஒரு நொடி தோன்றியது. வெளிநாடு, திருட்டுப் போகாது என்று சமாதானம் செய்துகொண்டு உள்ளே போனேன். கல்யாண மண்டபத்தை நிமிர்த்தி நிறுத்தினாற்போல உயரம். அண்ணாச்சிக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தேன். வெளியே வந்தால் படி மட்டும் இருந்தது.

திருட்டுப் போகவில்லை. தர்மத்துக்குப் போயிருந்தது. படியைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள், யாரோ ஏழைகளுக்காக வைத்துவிட்டுப் போனதாக நினைத்து, நாடா இரண்டையும் சேர்த்துக் கட்டி, எதிர்ச் சந்தில் பழைய துணி போடும் இரும்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். இது எனக்குத் தெரிவதற்கு முன் அரை மணி நேரம் தப்பான சந்துகளில் தேடினேன். தெரிந்தபின் இன்னும் அரை மணி, பெட்டியின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டு யாருடைய பழைய கோட்டுகளையோ தடவிக்கொண்டிருந்தேன். குளிர் ஒன்பது டிகிரி. வெறுங்கால். பிரபாகர் ஓடிவந்து, செல்போனில் மொழிபெயர்த்துக் கேட்டார். பெட்டியின் சாவிக்காரர் வியாழக்கிழமைதான் வருவாராம்.

வசந்தா வந்தாள். "ஏன்னா, மணி பதினொண்ணு. அந்த மனுஷர் குக்கரை இடுக்கிண்டு பஸ்ஸுக்கு வெளியில நின்னு பாதையையே பாத்துண்டிருக்கார். நீங்க இங்க பெட்டிக்குள்ள கையை விட்டுண்டு..."

அப்போதுதான் உறைத்தது. வெறுங்காலோடு, பாவிய கல்மேல், அறுபத்தாறு வயதில், ஓடினேன்.

அண்ணாச்சி என் காலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பையைத் திறந்து நீல ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்துக் கீழே வைத்தார். "போடுங்க சார்வாள். கல்லு குளுருதுல்லா." திட்டியிருந்தால் தேவலை.

11.15. ஒன்றேகால் மணி நேரத் தாமதத்தில் பஸ் கிளம்பியது. பிரபாகர் மைக்கை எடுத்தார். லின்ஸுக்குப் போக 12.45 ஆகும். அடுத்து ஹால்ஸ்டட், இந்த டூரின் மகுடம், ஏரிக்கரைக் கிராமம். அங்கே டூர் பஸ் நினைத்தபோது நுழைய முடியாது, முன்பதிவு நேரம் உண்டு. நமக்கு 2.40 வரை. தவறினால் கிடையாது. ஆகவே லின்ஸில் ஐந்து நிமிடம். சாப்பாடு பஸ்ஸிலேயே.

"அஞ்சு நிமிசம் போதும் பிரபா தம்பி" என்றார் அண்ணாச்சி, முன் சீட்டிலிருந்து திரும்பாமலே. "குக்கரைக் குடுத்துட்டு ஏறிருதேன். எனக்காக யாரும் சங்கடப்படாண்டாம்."

ஐந்து வருடம். ஐந்து லிட்டர். ஐந்து நிமிடம். நான் எழுந்து நின்றேன். செருப்பு ஒரு அளவு பெரியது, தடுக்கியது.

"இந்தத் தாமதம் என் காலால வந்தது. லின்ஸ்ல முழுசா நிக்கலாம். ஹால்ஸ்டட் வேண்டாம்னு எங்க ரெண்டு பேர் ஓட்டு."

"என்னைக் கேக்காம என் ஓட்டையும் போட்டுட்டேள்" என்றாள் வசந்தா. "போறது, இந்தத் தடவை சரியாத்தான் போட்டிருக்கேள்."

பின்னால் யாரோ, "பாவம்தான், ஆனா கிட்டத்தட்ட மூணு லட்சம் சார்" என்று ஆரம்பித்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாரும் கல்யாணி டீச்சரைப் பார்த்தார்கள். அடையாறில் முப்பது வருடம் பூகோளம் நடத்தியவர். கடல் தாண்டியது இதுதான் முதல் தடவை. ஹால்ஸ்டட்டில் படமெடுக்கவென்றே மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை ஒன்றை வாங்கி, அன்று காலையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் காபி குடிக்கணும். அஞ்சு நிமிஷத்துல குடிச்சா நாக்கு வெந்துடும். நான் மெதுவாதான் குடிப்பேன். எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாது" என்றார். வகுப்பு முடிந்தது. யாரும் கை தூக்கவில்லை.

லின்ஸை நெருங்கும்போது பாலம் வந்தது. "டான்யூப்! எல்லாரும் எழுந்து பாருங்கோ!" என்றார் டீச்சர். முப்பத்தொரு பேர் எழுந்து நின்றோம். எழுந்திருக்காதவர் ஓட்டுநர் பாவெலும் அண்ணாச்சியும் மட்டும்.

12.45. ஓய்விடத்தில் சாம்பல் நிறச் சின்னக் காரின் பக்கத்தில், தொழிற்சாலைச் சட்டையோடு ஒருவன் நின்றிருந்தான். பதினொன்றேகாலிலிருந்து நிற்கிறானாம். முன்பதிவு போய்விடுமே என்று பிரபாகர் கடைசியாக ஒருமுறை கையைப் பிசைந்தார். பாவெல் எஞ்சினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டார். ஓட்டிய நேரத்தைப் பதியும் கருவியைக் காட்டி, "ஓய்வு. நாற்பத்தைந்து நிமிடம். சட்டம்" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, காபிக் கடைக்குள் போய்விட்டார். சட்டம் என்று வந்தபிறகு யார் பேசமுடியும்?

நான் காபிக் கடைக் கண்ணாடிக்கு உள்ளே, கையில் 4.20 யூரோ காபி. அந்தக் காசுக்கு மயிலாப்பூரில் பத்துப் பேர் டிகிரி காபி குடிக்கலாம். வெளியே மர மேஜையில் அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குக்கர். அண்ணாச்சி கேஸ்கட்டைக் காட்டினார். வெயிட்டைக் காட்டினார். மூன்று விரலை நீட்டி ஏதோ சொன்னார். மூடியைக் கழற்றினார், மாட்டினார். கழற்றினார், மாட்டினார். ஐந்தாவது தடவை மாட்டும்போது மகனின் கை அவர் கைமேல் வந்து நின்றது. அப்புறம் அந்த மூடியை யாரும் கழற்றவில்லை. நானும் காபியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

1.15. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. அப்பாவை ஏற்றிவிட பஸ் வாசல்வரை வந்த செந்தில், என் காலைப் பார்த்து நின்றான்.

"சார், இது எங்கப்பா செருப்புல்ல?"

"ஆமாம்ப்பா."

"வீட்ல இதை யாராவது மாட்டுனா கத்துவாரு சார். உங்களுக்கு எப்படி..."

"அது ஒரு கதை. உன்னை ஒண்ணரை மணி நேரம் காக்கவெச்ச கதை. அப்பாகிட்டே கேளு. இனிமே பேசுவேளோல்லியோ?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அண்ணாச்சி, "நேரமாச்சு, கெளம்புலே. ஞாயித்துக்கிழமை கூப்பிடு" என்றார். யாரை என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

ஹால்ஸ்டட் போனது போனதுதான். பாவெல் தானாகவே ஒரு வழி சொன்னார்: கிமுண்டன், ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், அங்கேயும் ஏரி உண்டு. இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீருக்குள் ஒரு சின்னக் கோட்டை, அதற்கு மரப்பாலம், பின்னால் செங்குத்தாக ஒரு மலை. பாலத்தின் நடுவில் மயில்கழுத்துப் பட்டு நின்றது. ஒரு அன்னம் புடவையைப் பார்த்துத் திகைத்துத் திரும்பிப்போனது. படத்தைக் காட்டி, இதுதான் ஹால்ஸ்டட் என்றால் அடையாறில் யார் மறுக்கப்போகிறார்கள் என்றேன். "பூகோள டீச்சர்கிட்டே பொய் சொல்லச் சொல்றீங்களே" என்றவர் அடுத்த வினாடி, "கேட்டா மட்டும் சொல்றேன்" என்றார்.

அண்ணாச்சி பாலத்துக் கம்பியில் சாய்ந்திருந்தார். "கை வெறிச்சுன்னு இருக்கு சார்வாள்" என்றார். ஒரு கோன் ஐஸ்கிரீம் வாங்கிக் கையில் கொடுத்தேன். 3.50 யூரோ.

பாவெலிடம் கேட்டேன். நாலரை மணி நேரம் ஓட்டினால்தானே முக்கால் மணி ஓய்வு? நீங்கள் ஓட்டியது ஒன்றரை மணிதானே? அவர் ஏரியைப் பார்த்தபடியே சொன்னார்: "அது ஐரோப்பாவின் சட்டம். இன்றைக்கு பாவெல் சட்டம்."

ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. வந்த மறுநாள் காலையே கபாலி கோயிலுக்குப் போனேன். செருப்பு வைக்குமிடத்தில் டோக்கனை வாங்கி இரண்டு தடவை நம்பரைப் படித்துப் பத்திரப்படுத்தினேன். அங்கே ஊர் ஊராகக் கோட்டையையும் ஏரியையும் துடைத்து வைத்திருக்கிறார்கள். இங்கே நாம் கழற்றிவிட்டதை ஒருவர் உட்கார்ந்து காவல் காக்கிறார். இரண்டுமே நாகரிகம்தான். என் 3,999 ரூபாயை மாட்டிக்கொண்டு இந்நேரம் ஒருவர் அந்த ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருப்பார். அவருக்கு அளவு சரியாக இருக்கட்டும். அந்தப் பெட்டி விழுங்கியிருக்காவிட்டால், நான் ஹால்ஸ்டட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

நேற்று தி.நகருக்குப் போய், கழுவிக் காயவைத்த நீலச் செருப்பை அண்ணாச்சியிடம் நீட்டினேன். கடையில் சாயங்காலக் கூட்டம். "நீங்களே வெச்சுக்கிடுங்க. எங்கனயாச்சும் கழட்டி விடுவிய, போனா கவலையில்லைல்லா" என்று சொல்லிவிட்டு, கல்லாவிலிருந்து செல்போனை எடுத்தார். "இதைக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை அனுப்பிருக்கான்."

பேச்சு ஒன்றும் இல்லை. ஏதோ கொதிக்கும் சத்தம். பிறகு ஒரு விசில். அண்ணாச்சி ஒரு விரலை நீட்டினார். இரண்டு. மூன்று. எதிரில் எவர்சில்வர் குடம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், அடுப்பை அணைக்க ஆளைத் தேடுவதுபோலத் திரும்பிப் பார்த்தார். நாலாவதும் அடித்து ஓய்ந்தது.

"மூணுல நிறுத்துலேன்னு அத்தனை தடவை சொன்னேன்" என்றார் அண்ணாச்சி. "பருப்பு குழைஞ்சு போயிருக்கும்." குறைபட்டுக்கொண்டே அதை மறுபடி முதலிலிருந்து போட்டார்.