பையில் நாலு பந்து

பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர்களுக்கு, சாக்பீஸ் தூசிக்கு அடுத்தபடியாக நெஞ்சில் தங்கிவிடுவது நிகழ்தகவுப் பாடம்தான். எடுத்துப் பார்த்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெருக்கல் விதி

மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு மூன்று பஸ், அங்கிருந்து காளவாசலுக்கு நான்கு பஸ் என்றால் எத்தனை விதமாகப் போகலாம்? மூன்றை நான்கால் பெருக்கிப் பன்னிரண்டு என்று போர்டில் எழுதினேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள்.

"எங்க ஊர்ல இருந்து மேலூருக்கே ஒரு பஸ்தான் டீச்சர். அதை விட்டா பன்னெண்டும் போச்சு."

திரும்பப் போட்ட பந்து

துணிப்பையில் மூன்று வெள்ளைப் பந்து, ஒரு சிவப்பு. கையை விட்டேன், சிவப்பு வந்தது. அதைத் திரும்பப் போட்டுவிட்டு, அடுத்து என்ன வரும் என்று கேட்டேன். சிவப்புதான் வந்துவிட்டதே, இனி வராது என்றார்கள். உள்ளே இருப்பது அதே நாலு பந்து, முதலில் வந்தது பைக்குத் தெரியாது என்றேன்.

மணி அடித்தும் பாண்டீஸ்வரி போகவில்லை. அவள் அப்பா கல்குவாரியில் வேலை பார்ப்பவர், அம்மாவுக்குத் தாய்மாமன். தம்பிக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு, மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். அம்மா இப்போது மூன்று மாதம்.

"நாலு பிள்ளைல ஒண்ணுக்கு வரும்னு டாக்டர் சொன்னாராம். அது தம்பிக்கு வந்துருச்சு, இனிமே பயமில்லைன்னு அப்பா சொல்றாரு. பயமில்லதானே டீச்சர்?"

கழியாத கணக்கு

மறுநாள் பெற்றோர் இருவரையும் வரச் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் உட்காரச் சொல்லியும் அப்பா நின்றுகொண்டே கேட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நாலில் ஒன்று, முன்னால் பிறந்த பிள்ளையை வைத்து அது குறையாது என்று சொன்னேன். வயிற்றில் இருக்கும்போதே பார்த்துச் சொல்லும் பரிசோதனை இருக்கிறது, இந்த வாரமே டாக்டரிடம் போங்கள் என்றேன். அந்த அம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப எம் மகன் இம்புட்டு நாளும் பட்டதெல்லாம் இந்தப் பிள்ளைக்குக் கழியலையா டீச்சர்?"

ஆனால் அந்த வாரமே போனார்கள்.

கால்வாசி

சில வாரம் கழித்து, ரத்தம் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அந்த அம்மா மகனோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம், வயிற்றுப் பிள்ளைக்கு அந்த நோய் இல்லையாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலில் மூன்று வாய்ப்பு நல்லதுக்குத்தானே என்றேன். அவர் மகனின் கையில் ஒட்டியிருந்த பஞ்சை மெதுவாக அழுத்திவிட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா இவனுக்குக் கால்வாசியா வரலையே, முழுசால்ல வந்துச்சு."

எங்கள் பாடம் யார் கேட்டாலும் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு பின்னத்தைச் சொல்லிவிடும். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் நடுவில் இடமே கிடையாது.