கறியில மணத்த மண்ணெண்ணெய்

மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கட வள்ளமெல்லாம் கரையில கிடந்த வருசம் உமக்கு ஞாபகம் இருக்கும். அது முடிஞ்சு, எஞ்சின் திரும்பக் கத்தத் தொடங்கின மாரியிலதான் நான் மூக்குக்கு மருந்து அடிக்கத் தொடங்கினனான்.

அதுக்கு முதலே கன வருசமா எனக்கு மணம் தெரியாது. இளமையில சங்கு குளிச்சனான், அந்த ஆக்களுக்கு மூக்கடைப்பு இருக்கிறதுதானே எண்டு விட்டிட்டன். வாயாலதான் மூச்சு. "பக்கத்தில படுக்கிறது மனுசனோ, பழைய எஞ்சினோ?" எண்டு மனுசி கேப்பா.

மணம் போனால் ருசியும் போயிடும். உப்பு, உறைப்பு, புளி தெரியும். மற்றதெல்லாம் சுடுதண்ணி. முந்தி மனுசி சாப்பாட்டுக் கோப்பையில கறியை விட்டிட்டு, "எப்பிடி இருக்கு?" எண்டு கேட்டுக்கொண்டு நிப்பா. நான் "நல்லாயிருக்கு" எண்டுவன். சும்மா சொல்லுறன் எண்டு அவவுக்குத் தெரியும். மெல்ல மெல்லக் கேக்கிறதை விட்டிட்டா. கோப்பையை வைச்சிட்டுக் குசினிக்குள்ள அடுப்படிக்குப் போயிடுவா. எனக்கு மூக்கடைப்பைவிட அதுதான் வருத்தம்.

குறிகட்டுவான் இறங்குதுறையில பஸ் ஏறி ரெண்டு பேரும் பட்டணத்துக் கிளினிக்குக்குப் போனம். அங்க ஒரு பொம்பிளைப் பிள்ளைதான் டொக்டர். லைற் பிடிச்சுப் பாத்திட்டு, "ஐயா, மூக்குக்குள்ள சதை வளர்ந்திருக்கு. தோல் உரிச்ச முந்திரிகைப் பழக்குலை மாதிரித் தொங்குது" எண்டா.

"முந்திரிகையோ? இந்த மனுசன் வளவுக்குள்ள ஒரு வாழை வளர்க்கேல்லை, பிள்ளை" எண்டா மனுசி.

"வெட்டவேணுமோ?" எண்டு கேட்டன். எனக்குக் கத்தியெண்டால் பயம்.

"முதல் இந்த ஸ்பிறேயை அடிப்பம். சதையின்ர வீக்கத்தை இது வத்தப்பண்ணும். அடிச்ச உடனே ஒண்டும் தெரியாது, ஐயா. கிழமைக்கணக்கா விடாமல் அடிக்கவேணும். அதுக்கும் சுருங்காட்டி ஒப்பரேசனைப் பற்றி யோசிப்பம்."

நான் ஒரு நாளும் அடிக்காமல் விடேல்லை. சில கிழமையால திரும்பப் போனால், சதை இருந்தபடியே இருக்குதாம்.

"ஒழுங்கா அடிக்கிறீங்களோ?"

"ஓம், பிள்ளை."

மனுசி விடுவாவோ? "அடிக்கிறார். அடிச்சிட்டு நேரா கடலுக்க இறங்கி மூக்கைக் கழுவுறார்."

எங்கட ஆக்களின்ர பழக்கம் அது. விடிய முழுகேக்க ஒரு மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றதால கடல்தண்ணியை இழுத்துச் சீறுவம். அப்புவும் அப்பிடித்தான் செய்தவர். டொக்டர் பிள்ளை பேனையை மேசையில வைச்சா. "ஐயா, மருந்தை நீங்கள் மீனுக்கெல்லோ குடுத்திருக்கிறீங்கள்!"

பிறகு செய்து காட்டினா. கடல்தண்ணி வேண்டாம், கொதிச்சாறின தண்ணியில உப்புக் கரைச்சு முதல் கழுவவேணும். மருந்து பிறகுதான். தலையைக் கொஞ்சம் குனிஞ்சு, மூக்கின்ர நடு எலும்பில படாமல், அந்தந்தப் பக்கக் கண்ணின்ர வெளி மூலையைப் பாத்து மூக்குக்குள்ள அடிக்கவேணும். மூக்குத்தூள் மாதிரி உறிஞ்சி இழுக்கக்கூடாது. வரேக்க பஸ்ஸில மனுசி, "சுறாவுக்கு இனி மூக்கடைப்பே வராது" எண்டு சிரிச்சுக்கொண்டு வந்தா.

முதல் ஒரு மூக்கால காத்து வந்திது. பிறகு படுக்கேக்க வாய் மூடிச்சுது. மணம் மட்டும் வரேல்லை. எனக்கு மனம் விட்டுப்போச்சு.

ஒரு மத்தியானம், எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் விட்டிட்டு வந்து சாப்பிடக் குந்தினனான். முதல் பிடியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனன்.

"இஞ்சாரும், கறியில மண்ணெண்ணெய் மணக்குது."

மனுசி அகப்பையோட வந்தா. "என்ர கறியிலயோ? இவ்வளவு காலம் சமைச்சுப் போட்டதுக்கு..." எண்டவ அப்பிடியே நிண்டிட்டா. "என்ன மணக்குதெண்டனீங்கள்?"

"மண்ணெண்ணெய்."

என்ர கையைப் பிடிச்சு மணந்து பாத்தா. கறியில இல்லை, கையிலதான். தேசிக்காய் வெட்டிப் புளியைப் பிழிஞ்சு, சின்னப் பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி ஒவ்வொரு விரலாத் தேய்ச்சுக் கழுவிவிட்டா. வேற கோப்பையில திரும்பச் சோறு போட்டா. நான் குனிஞ்சன். அக்கரையில ஆரோ கூப்பிடுற மாதிரி, தூரத்திலயிருந்து வெந்தயம் வந்திது. பிறகு கறிவேப்பிலை. கடைசியா மீன்.

மனுசி போகேல்லை. கதவு நிலையில கையை வைச்சுக்கொண்டு நிண்டா.

"எப்பிடி இருக்கு?"

"வெந்தயம் கொஞ்சம் கூடிப்போச்சு" எண்டன்.

அவ கண்ணைத் துடைச்சா. "தேசிக்காய்க் கை, எரியுது" எண்டா.

சதை முழுக்கப் போகேல்லை, சுருங்கியிருக்கு. மருந்தை நிப்பாட்டினால் திரும்ப வளருமாம். நிப்பாட்டமாட்டன். உம்மட பக்கத்திலயும் கடலுக்க இறங்கிற ஆக்கள் இருப்பினம். மூக்கடைப்பு, மணமில்லை எண்டு ஆரும் சொன்னால் டொக்டரிட்டக் காட்டச் சொல்லும். ஸ்பிறே குடுத்தால், கழுவிறது முதல், மருந்து பிறகு. இதையும் மறக்காமல் சொல்லிவிடும். மீனுக்கு ஏன் அந்த மருந்து?