அப்பாவின் நோட்டில் இல்லாத வார்த்தை

என் மகன் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி வரும் சினிமா சிடிக்குத் திருட்டு சிடி என்று பெயர். அந்தப் பெயரை என் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. சிடியைத் தாராளமாகப் பார்க்கலாம், வார்த்தைதான் ஆகாது. கிழவிக்கு ஏதோ பைத்தியம் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்.

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் எனக்கு ஏழு வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்று என் கை கால் எல்லாம் குச்சியாகிவிட்டிருந்தன. வாய் மட்டும் இளைக்கவே இல்லை.

அப்பா ரயில்வே கிடங்கில் குமாஸ்தா. அவருக்கு மேலே ஒரு ஜப்பான் அதிகாரி. அவன் சொல்வது புரியாவிட்டால் கன்னத்தில் ஓர் அறை விழும். அப்படிப் புரிந்துகொண்ட வார்த்தையை அப்பா வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பார். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஜப்பான் பாஷை. தண்ணீர், அரிசி, மன்னிக்கவும், நான் வேலைக்காரன். சிப்பாய்கள் வந்து எதையாவது கேட்டால் எங்கள் வீட்டு வரிசையில் எல்லாரும் அப்பாவைத் தேடித்தான் ஓடி வருவார்கள். அவர் போய்க் குனிந்து நாலு வார்த்தை பேசினால் அடி தப்பும். அப்பாவின் நடையே அப்போது மாறிப் போயிருந்தது. எனக்கும் அதில் பெருமைதான்.

அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். கிள்ளான் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். பள்ளிக்கூடத்தை மூடியதும் அக்காவைத் தேடி வந்துவிட்டார். ஒரு நாள் அப்பா வேலையில் இருந்தபோது கோடி வீட்டுக்காரரிடம் சிப்பாய் ஏதோ கேட்டான். அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பல் போயிற்று. மறுநாளே மாமா அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். பழைய ரயில்வே படிவத் தாள்களின் பின்பக்கத்தில், முத்து முத்தான கையெழுத்தில், முழு நோட்டையும் பார்த்து எழுதினார். ஒரு படி அல்ல, நாலு. எழுதி அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார்.

விஷயம் தெரிந்ததும் அப்பா குதித்தார்.

“ஒவ்வொரு வார்த்தையும் நான் கன்னத்துல அடி வாங்கிக் கத்துக்கிட்டதுடி. உன் தம்பி குந்திக்கிட்டே எடுத்துக்கிட்டான். திருட்டுப் பய!”

“நோட்டு அலமாரியிலதானே இருக்கு? என்னத்தைக் காணோம்னு திருட்டுங்கிறீங்க?” என்றாள் அம்மா.

அப்பா அதே வார்த்தையை இன்னும் சத்தமாகச் சொன்னார். அன்று முதல் வீட்டில் மாமாவுக்குப் பெயரே திருடன்தான். திருடன் சாப்பிட்டானா, திருடனை விறகு பிளக்கச் சொல். மாமா சிரித்துக்கொண்டே பிளப்பார். நானும் நோட்டில் அந்த வார்த்தையைத் தேடிக் கண்டுபிடித்தேன். டொரோபோ. சொல்லச் சொல்ல வாய்க்கு நன்றாக இருந்தது. மாமாவின் பின்னாலேயே டொரோபோ, டொரோபோ என்று பாடிக்கொண்டு திரிவேன். அப்பா தடுக்கவில்லை. உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஒரு நாள் காலை கிடங்கில் அரிசி மூட்டைகளைக் காணவில்லை. சிப்பாய்கள் லோரியில் வந்து இறங்கி, எங்கள் வரிசை ஆண்களையெல்லாம் வீட்டு வாசலில் நிற்க வைத்தார்கள். ஒருவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தான். அந்தக் கத்தலில் எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்று இருந்தது. கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை சும்மா இருக்குமா? நான் மாமாவைக் கையால் காட்டினேன்.

“டொரோபோ!”

சிப்பாய் மாமாவின் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தான். மாமா முறைப்படி குனிந்தார். நோட்டின் முதல் பக்கத்தில் இருந்ததைப் பிழையில்லாமல் சொன்னார். மன்னிக்கவும், நான் வேலைக்காரன். அறை விழுந்தது. அப்பா உள்ளே ஓடி நோட்டை எடுத்து வந்து, புரட்டினார். திருடன் இல்லை, திருடன் இல்லை, புத்தகம், புத்தகம் என்று ஜப்பான் பாஷையில் கெஞ்சினார். சிப்பாய் துப்பாக்கியின் நுனியால் என்னைச் சுட்டிக் காட்டினான். பிள்ளையே சொல்லிவிட்டதே என்பது போல.

“அத்தான், பார்த்து எழுதுனேன்னு எப்படிச் சொல்றது?” என்று மாமா கேட்டார். வாயில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அப்பா கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். அந்த வார்த்தை அதில் இல்லை.

மாமாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கூட்டத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு யாரோ வந்து சொன்னார்கள். மாமா திரும்பி வரவில்லை. நான்தான் அனுப்பி வைத்தேன். இதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அப்பா கிடங்கில் அந்த ஒரு வார்த்தையைத்தான் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுத் திரிந்திருக்கிறார். ஒரு மாதம் கழித்துக் கிடைத்தது. வேலை முடிந்து வந்தவர் கை கால்கூடக் கழுவாமல் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தில் எழுதினார். இடப்பக்கம், பார்த்து எழுதினான். வலப்பக்கம், உத்சுஷிமாஷ்தா. எழுதிவிட்டு அதையே திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொன்னார்.

புதுப் பாடம் வந்துவிட்டது என்று நான் ஓடிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே சொன்னேன். மூன்றாம் தடவையே எனக்குச் சுத்தமாக வந்துவிட்டது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தலையைத் தடவிக் கொடுப்பார் என்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. உச்சரிப்பில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.