தொட்டிக்குள் மூன்று நாள்

மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவள் பத்தொன்பது வருடமாக ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் அவளுக்குக் 'கரண்டக்கா' என்று பெயர். யார் கூப்பிட்டுக் கத்தினாலும், அழுதாலும், அவள் நிதானமாகச் சொல்வது ஒன்றுதான்: "ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க." அந்த ஆட்களை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. கம்பம் ஏறுகிறவர்கள் ஊரின் மறுகோடியில் ஏதோ ஒரு கிடங்கிலிருந்து கிளம்புவதாகக் கேள்வி.

புயல் அடித்த அன்று அவளுக்கு வார விடுமுறை. காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. பதினொரு மணிக்குக் கூடத்துத் தகரக் கூரை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனது. தையல்காரரான அவள் கணவர், தைத்து வைத்திருந்த பள்ளிச் சீருடைகளை மாரோடு அணைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தார். அங்கே அடுப்பு மேடைக்கு அடியில் மகளும், கணவரின் அக்காவும் முன்னமே இடம் பிடித்திருந்தார்கள்.

நாத்தனார் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். "கடவுளே, பன்னெண்டாம் நம்பர் வீடு. பச்சை கேட்டு. முடி வெட்டுற கடைக்கு எதிர்ல. குடிக்கத் தண்ணி தீந்துபோச்சு. பாத்து ஏதாவது பண்ணு."

"அத்தை, கடவுளுக்கு நம்ம வீடு தெரியாதா?" என்றாள் மகள்.

"தெரியும்டி. இன்னைக்குக் கூப்பிடறவங்க ஜாஸ்தி. பக்கத்து வீட்டுக்குப் போயிடக் கூடாதுல்ல."

கரண்டக்காவுக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. விலாசம் சொல்லாமல் புகார் கொடுப்பவர்களால் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "அடையாளம் நல்லா சொன்னீங்க அண்ணி" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, கூடத்தில் வீடே இடிந்த மாதிரி சத்தம். எட்டிப் பார்த்தால், ஏதோ மாடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கூரை போன வழியாக இறங்கி, தையல் மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவில் யானை மாதிரி ஒருக்களித்துப் படுத்திருந்தது. அடிப்பாகம் கழன்று குகை வாசல்போலத் திறந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அக்கா, நீ கேட்டது தண்ணி" என்றார் கணவர்.

"முதல்ல பாத்திரம்தான் வரும். அப்புறம்தான் ஊத்துவாங்க" என்றாள் நாத்தனார், அசராமல்.

பிற்பகலில் சமையலறையும் ஒழுகத் தொடங்கியது. வீட்டில் நனையாத இடம் அந்தத் தொட்டி மட்டும்தான். நாலு பேரும், சீருடை மூட்டையோடும் பிஸ்கட் டப்பாவோடும் அதற்குள் குடியேறினார்கள். கணவர் வாசல் பக்கம் ஒரு அண்டாவை வைத்து மழைத் தண்ணீர் பிடித்தார், தாகம் தீர்ந்தது. நாத்தனார் அடுத்த கோரிக்கைக்குப் போனாள்.

"கடவுளே, கரண்ட் வருமா?"

"வருமா... வருமா..." என்றது தொட்டி.

நாத்தனார் காதைத் தீட்டிக் கேட்டாள். "அவருக்கும் தெரியல போல. நம்மளையே கேக்கறாரு."

கணவர் சிரிப்பை அடக்க ஒரு சீருடைக் காலரைக் கடித்துக்கொண்டார். கரண்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளும் காற்று ஓயாதபோது அவள் செல்ஃபோனை எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் நாலு சதவீதம் மிச்சமிருந்தது. தன் அலுவலக எண்ணையே கூப்பிட்டாள். எடுத்தவள் பக்கத்து இருக்கைக்காரி.

"நான்தான் பேசறேன். ஆள் எங்க வராங்க, நெஜத்த சொல்லு."

"அக்கா, நீங்களா?" அந்தப் பக்கம் இன்னொரு ஃபோன் அடித்தது. "ஆள் வந்துக்கிட்டே இருக்காங்கக்கா."

ஃபோன் அணைந்தது. அது மனப்பாட வாக்கியம் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அப்படியும், மகளின் மடியில் தலை சாய்த்து, புயல் தொடங்கியதிலிருந்து முதல்முறையாகத் தூங்கிப்போனாள்.

மூன்றாம் நாள் காலை, மழை தூறலாகிவிட்டிருந்தது. தெரு முனைக் கம்பத்தில் மூன்று பேர். முழங்கால்வரை சேறு, இடுப்பில் கயிறு. அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கீழே நின்றவரின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க நெஜமாவே இருக்கீங்க."

அவர் மேலே இருந்தவரிடம், "சீக்கிரம் முடிப்பா. இந்தத் தெருவுல ஜனங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

மத்தியானம் விளக்கு எரிந்தது. நாத்தனார் மேலே பார்த்து, வேலை முடிந்தது, நன்றி என்று தகவல் சொன்னாள். சாயங்காலம் நாலு தெரு தள்ளியிருந்த சலவைக் கடைக்காரர் தன் தொட்டியைத் தேடி வந்தார். வாசல் வழியாக அது வெளியே போகாது என்று தெரிந்ததும் ரம்பத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு, அதுவரை எங்கே உட்காருவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கரண்டக்கா தொட்டிக்குள்ளேயே பாய் விரித்துக் கொடுத்தாள்.