ஹேமாங்கியின் ஒரே ஒரு பிரதட்சணம்

"நேஹேத்தே வீட்டுல பொறந்தவங்களுக்கு ரெண்டாவது தடவைங்கறதே கெடையாது. எதுவா இருந்தாலும் ஒரே தடவை. முடிஞ்சுது."

ஜள்காவ் பக்கத்து விமானப் பயிற்சிப் பள்ளியின் கேன்டீனில், சேர்ந்த முதல் நாளே, வாய் நிறைய அவல் போஹாவுடன் ஹேமாங்கி நேஹேத்தே இப்படி அறிவித்தாள். கேட்டுக்கொண்டிருந்த பன்னிரண்டு மாணவர்களுக்கும் வயது இருபதைத் தாண்டவில்லை. ஹேமாங்கிக்கு முப்பத்தொன்று. ஆகவே எல்லோரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

இந்தப் பெருமைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அவளுடைய அப்பா முரலீதர் இருபத்தெட்டு வருடம் எஸ்.டி. என்கிற அரசு பஸ் ஓட்டியவர், எவ்வளவு நெரிசலிலும் ஒரே திருப்பில் பஸ்ஸைப் பிளாட்பாரத்தில் கொண்டுபோய் நிறுத்துவார் என்று டெப்போவே சாட்சி சொல்லும். ஹேமாங்கியோ பள்ளிக்கூடக் கணக்கு முதல் கார் லைசன்ஸ் வரை முதல் முயற்சியிலேயே தேறியவள். பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையையும் முதல் கேள்வியிலேயே திருப்பி அனுப்பியிருந்தாள். நெடுஞ்சாலை அகலமானபோது ஊரில் நிலம் போன வீடுகளிலெல்லாம் நஷ்டஈட்டுப் பணத்தில் வெள்ளை நிறப் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. நேஹேத்தே வீட்டில் மட்டும் கார் வரவில்லை. பெண் பைலட் ஆகப் போகிறாள் என்ற செய்தி வந்தது. ஊர் அதை ஒருவித மூளைக் கோளாறாக எடுத்துக்கொண்டு பெருந்தன்மையோடு மன்னித்தது.

பைலட் ஆவது என்றால் வானத்தில் பறப்பது என்றுதான் ஊர் நினைத்தது. முதலில் காது, கண், இதயம், சிறுநீர் என்று ஒரு மனுஷிக்குள் இருப்பதையெல்லாம் டாக்டர்கள் பார்த்துத் தீர்த்தார்கள். பிறகு வழி கண்டுபிடிப்பது, வானிலை, சட்டம், எஞ்சின், ரேடியோ என்று ஐந்து தேர்வுகள். ரேடியோ தேர்வுக்கு மூன்று முறை போய்வந்த பையன்கள் அந்த விடுதியில் மூத்த குடிமக்கள் போல மரியாதையாக நடத்தப்பட்டார்கள். ஹேமாங்கி ஐந்திலும் ஒரே தடவையில் தேறினாள். முதல் முறை தனியாகப் பறந்து இறங்கியபோது வழக்கப்படி அவள் தலையில் மூன்று வாளி தண்ணீர் கொட்டினார்கள். நாலாவது வாளியை அவளே வாங்கிக் கொட்டிக்கொண்டாள்.

அந்தப் பள்ளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. விமானக் கொட்டகை வாசலில் ஒரு சின்ன கணபதி இருக்கிறார். இறங்க வந்து, இறக்கம் சரியில்லை என்று தரையைத் தொடாமலே மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருகிறவர் அன்று சாயங்காலம் அந்த கணபதியை ஒரு முறை சுற்றி வர வேண்டும். மற்றவர்கள் வரிசையாக நின்று கேலியாகக் கை தட்டி ஆரத்தி பாடுவார்கள். அதனால் அப்படித் திரும்பிப் போவதற்கே அங்கே 'பிரதட்சணம்' என்று பெயர். நூற்றுத் தொண்ணூற்றெட்டு மணி நேரம் பறந்தும் ஹேமாங்கி கணபதியைச் சுற்றியதே இல்லை. ஆரத்தியில் அவள் குரல்தான் எப்போதும் ஓங்கிக் கேட்கும்.

இதில் பாதிக்கப்பட்டவன் அவளுடைய ஆசிரியன் நிஹார் சப்னிஸ். புனேக்காரன், வயது இருபத்துமூன்று, மீசை இன்னும் விண்ணப்ப நிலையில் இருந்தது. தரையில் அவள் அவனை 'சார்' என்பாள். அவன் அவளை 'அக்கா' என்பான். போன மாதம் ஒருநாள் அவள் விமானத்தை ஓடுபாதையில் போட்ட வேகத்தில் அவனுடைய கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கி மடியில் உட்கார்ந்தது.

"அக்கா, இதுக்குப் பேரு லேண்டிங் இல்ல. லாரியிலேருந்து வாழத்தார் எறக்கறது."

"எறங்கிடுச்சா, இல்லையா சார்?"

"எறங்கிடுச்சு, ஆனா..."

"அந்த 'ஆனா'வ லாக்புக்ல எந்தக் கட்டத்துல எழுதணும்?"

"எழுத வேணாம். ஒரே ஒரு தடவ மேல போயிட்டு வந்திருக்கலாம்ல? என்ன கெட்டுப்போச்சு?"

"நீங்க ஆரத்தி பாடுவீங்க. நான் கேக்கணுமா?"

நிஹார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

ஏப்ரல் மாதம் இறுதிப் பரீட்சை வந்தது. இதில் தேறினால்தான் லைசன்ஸ். தவறினால் இரண்டு வருட உழைப்பும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். மும்பையிலிருந்து பரீட்சை அதிகாரி வந்தார். கேப்டன் தாராப்பூர்வாலா என்ற பார்சிக்காரர். வலது பக்க இருக்கையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

வேலிக்கு வெளியே முரலீதர் டெப்போவிலிருந்து பதினாலு டிரைவர் கண்டக்டர்களை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். "கடிகாரத்தப் பாத்துக்கோங்க. வருவா, எறங்குவா. ஒரே தடவ. என் பொண்ணு!" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்தார்.

மேலே எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்றார், செய்து காட்டினாள். படுசாய்வாகத் திருப்பு என்றார், திருப்பினாள். கடைசியாக, "எறக்கு" என்றார்.

பதினொரு மணி வெயிலில் வாழைத் தோட்டங்களுக்கும் ஓடுபாதையின் கருந்தாருக்கும் இடையே காற்று கொதித்துக்கொண்டிருந்தது. விமானம் கீழே வர மறுத்து மிதந்தது. வேகம் அறுபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்தெட்டு. உயரமும் அதிகம். மூக்கை அழுத்தினால் வேகம் ஏறும். விட்டால் ஓடுபாதை ஓடிப்போகும். வாழைத்தார் வழி ஒன்று இருந்தது. கை அதற்குத் தயாராகவே இருந்தது.

அப்போதுதான் ஒரு விஷயம் அவளுக்கே தெரிந்தது. ஓடுபாதையைப் பார்க்க வேண்டிய கண், வேலி ஓரம் பதினைந்து வெள்ளைத் தொப்பிகளில் அப்பாவுடையது எது என்று தேடிக்கொண்டிருந்தது. லைசன்ஸ் கையில் வருமா என்பது அந்த நொடியில் அவள் கவலையாகவே இல்லை, தொப்பிகள்தான் கவலை.

வலது பக்கம் பேனா அசையவில்லை.

ஹேமாங்கி எஞ்சினுக்கு முழு விசையும் கொடுத்தாள். "கோயிங் அரவுண்ட்", அதாவது சுற்றி வருகிறேன், என்று ரேடியோவில் சொன்ன குரல் அவளுடையதுதானா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் மறுபடி கேட்டார். ஆமாம் என்றாள். விமானம் தொப்பிகளின் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு ஏறியது. ஒரு முழுச் சுற்று. இந்த முறை வேகம் அறுபத்தைந்து, கண் ஓடுபாதையில். சக்கரம் தரையைத் தொட்டபோது கேப்டன் தாராப்பூர்வாலாவின் பேனா நிழல்கூட ஆடவில்லை.

"ஏன் மேல போன?"

"ஒசரமும் அதிகம், வேகமும் அதிகம் சார். சரியா வரல."

"ம்." எழுதினார். "டிக்ரா, மகளே, நீ அத அப்படியே எறக்கியிருந்தா நான் அடுத்த மாசம் மறுபடி இந்த வெயிலுக்கு வரணும். பாஸ். எனக்குக் குளிர்ந்த தண்ணி எங்க கெடைக்கும்?"

வேலிப் பக்கம் ஒரே கைதட்டல். முரலீதர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா? டெப்போவுக்கு மரியாதை! தலைக்கு மேல ஒரு சலாம் போட்டுட்டுத்தான் எறங்கினா!"

"ஆமாமா, என் தொப்பியே பறந்துபோச்சு," என்றார் ஒரு கண்டக்டர், பெருமையோடு. "நமக்காகவா நேஹேத்தே!"

"பின்ன? வேற எதுக்கு?"

வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற ஹேமாங்கியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பதினைந்து முகங்களும் அவளைப் பார்த்துச் சிரித்தன. கொஞ்சம் பின்னால் நிஹாரும் அந்தப் பன்னிரண்டு மாணவர்களும் அதைக் கேட்டபடி வந்து நின்றிருந்தார்கள்.

"பாஸ் பண்ணிட்டேன் பாபா," என்றாள் அப்பாவிடம். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அது சலாம் இல்ல. மொத தடவ நான் தப்பா வந்தேன். அதான் திரும்பிப் போயி, ரெண்டாவது தடவ வந்து எறக்கினேன்."