ஏழாம் எண் பனியன்

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது, ஆத்தூர்ப் பெண்கள் கபடி அணியின் பயிற்சியாளர் சங்ககிரியில் எங்கள் வீடு தேடி வந்தார். வெற்றிலை பாக்கு, பழம், மேலே மடித்த ஒரு பனியன் என்று தாம்பாளத்தை நீட்டினார். வந்தவர் நீட்டினால் வாங்கித்தான் பழக்கம். அம்மா இரண்டு கையாலும் வாங்கிவிட்டாள். எங்கள் பக்கம் தட்டை வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி. வாங்கிய பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. எனக்கு ஆத்திரம் முட்டியது. ஆடப் போகிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“நாளைக்கே கேம்ப்புக்கு வந்துடும்மா,” என்றார் அவர்.

பனியனை விரித்தேன். புதிதல்ல. முதுகில் ஏழாம் எண். முந்தின வாரம் எங்கள் பள்ளி மைதானத்தில் ஆத்தூர் அணியோடு ஆடியபோது நான் கணுக்காலைப் பிடித்துச் சாய்த்த பெண் போட்டிருந்தது. முழங்கால் பிசகி, அவளைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

“அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்குதுங்க?”

“அவ இனிமே எதுக்கு? அதான் நீ இருக்கியே,” என்று சிரித்தார்.

தட்டை அம்மா கையிலிருந்து எடுத்தேன். வாங்கிய தட்டைத் திருப்புவது முகத்தில் அடிப்பதற்குச் சமம். பனியனை மடித்துத் தட்டில் வைத்து, மரியாதைக்கு எங்கள் மரத்துக் கொய்யா நான்கையும் வைத்து நீட்டினேன்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். நான் வரலீங்க.”

அவர் கை நீளவில்லை. தட்டு கனத்தது, நான் இறக்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டார்.

“கொய்யாவ அந்தப் புள்ளைகிட்டக் குடுத்துருங்க. கால் சரியானதும் இதே பனியனைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க. இன்னொருக்கா அவளைப் புடிக்கோணும்.”